கிழமைக்கு ஒரு காலை கிடைத்தால் முதலில் எங்கே போவது? விசேட தேவையுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்குத் திருகோணமலையில் உள்ள வழிகள்

விசேட தேவையுள்ள பிள்ளையை வளர்க்கிற தாயிடம் "உங்கட உடம்பையும் மனதையும் கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லாத ஆளில்லை. எங்கே போய்ப் பார்ப்பது, அந்த நேரம் பிள்ளையை யாரிடம் விடுவது என்று சேர்த்துச் சொல்கிறவர்தான் குறைவு.

திருகோணமலை மாவட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரியில் மனநல கிளினிக் நடக்கிறது. பிரதேச செயலகத்துக்குப் போனால் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். தொலைபேசியில் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. கோயில், பள்ளிவாசல், மாமி, அம்மம்மா என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் பல தாய்மாருக்குக் கிழமையில் கிடைப்பதே ஒரு காலை நேரம். அதை எதற்குக் கொடுப்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

நான் வைத்தியரில்லை. விசேட கல்வி அலகொன்றில் பல வருடம் படிப்பித்தவள். அதனால் என் அளவுகோல் கொஞ்சம் வேறு. எந்த வழியைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, அந்த நேரம் பிள்ளையை யார் பார்ப்பது என்றுதான். இதற்குப் பதில் இல்லாத வழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு தரத்துக்கு மேல் ஓடாது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். களைப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் சிங்கர் 2006இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாரில் சுமார் 29 சதவீதமானோருக்கும், மற்றப் பிள்ளைகளின் தாய்மாரில் 19 சதவீதமானோருக்கும் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பத்துக்கு மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. அதே நேரம் மிச்ச ஏழு பேரையும் நோயாளி ஆக்கத் தேவையில்லை. அவர்களில் பலருக்கு வேண்டியது நித்திரையும், பிள்ளையைத் தூக்க இன்னொரு சோடிக் கையும்தான்.

எப்படிப் பிரிப்பது? பிள்ளை நித்திரையான பிறகும் உங்களுக்கு நித்திரை வராமல் கிடக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது மனம் ஒட்டவில்லையா? சாப்பாடு இறங்கவில்லையா? "நான் ஒண்டுக்கும் உதவாதவள்" என்ற எண்ணமே நாள் முழுக்க ஓடுகிறதா? இப்படிப் பெரும்பாலான நாட்கள், தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அது வெறும் களைப்பில்லை, வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். வெறும் களைப்பாக இருந்தால் ஒருநாள் நன்றாகத் தூங்கி எழும்பியதும் முகம் கொஞ்சம் தெளியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திடலாம்" என்று தாய்மார் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன், சிரித்துக்கொண்டு சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணம் வந்தால் கீழே எழுதியிருக்கிற ஒப்பீடு எதுவும் உங்களுக்கு வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போக முடியாத நேரமென்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடலாம், அது இலவசம். கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926. பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள், அன்றைக்குத் தனியே இருக்க வேண்டாம்.

இனி கிளினிக்.

மருந்து தேவைப்படுகிற அளவுக்கு நோய் இருந்தால் இதற்கு மாற்று இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியமும் மருந்தும் இலவசம். டொக்டர் சும்மா மாத்திரை எழுதி அனுப்புவார் என்று நினைக்கிறோம். நல்ல டொக்டர் முதலில் ஹீமோகுளோபினையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்வார். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் மனச்சோர்வு மாதிரியே ஆளைப் படுக்கப் போடும். மிச்சம் மீதியைச் சாப்பிட்டு நாளைக் கழிக்கிற தாய்க்கு இரத்தம் குறைந்திருப்பது புதினமில்லை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மருந்தைப் பற்றிய பயம் எங்கும் ஒன்றுதான்: பழகிவிடும், ஆளை மந்தமாக்கிவிடும், இரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் எழும்ப முடியாது. மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஃப்ளூவொக்ஸெடின், செர்ட்ரலின் போன்றவை நித்திரைக் குளிசைகள் இல்லை. அவற்றுக்கு அடிமையாவதும் இல்லை. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். அதற்கு முன் வயிற்றுப் பிரட்டல், ஒரு மாதிரிப் பதற்றம் வரலாம். பலர் அந்த முதல் கிழமையிலேயே "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதென்றால் டொக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான். இரவில் பிள்ளைக்கு எழும்ப வேண்டியிருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து, எந்த நேரம் என்பது அதைப் பொறுத்தும் மாறும்.

இவ்வளவு நன்மை இருந்தும் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஏன் குறைவு? சனம் என்ன கதைக்கும் என்பது பாதிக் காரணம். மிச்சப் பாதி பயணம். கிண்ணியாப் பக்கத்துத் தாய் ஒருவருக்குப் பதினொரு வயதில் மகன். மூளை முடக்குவாதம், தானாக இருக்க ஏலாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்தார் படகுப்பாதையைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது பஸ் ஒரு மூச்சில் பாலத்தைத் தாண்டி வந்துவிடுகிறது. ஆனால் பஸ்ஸின் படி இன்னும் அதே உயரம்தான். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சக்கர நாற்காலியை மடித்து கண்டக்டரிடம் கொடுத்து, சீட்டில் அவன் சரியாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவர் டவுனுக்கு வருவதைப் பார்த்தால், தனக்காக இன்னொரு கிளினிக் நாளை ஏன் சேர்க்க மாட்டார் என்று விளங்கும். மகனுடைய கிளினிக் கொப்பி இரண்டு கொப்பிகளை ஒட்டித் தைத்தது, பொலித்தீன் உறை போட்டது. பிசியோ, நரம்பு, கண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீல். தாயின் பேரில் ஒரு துண்டும் கிடையாது. முதுகு நோவுக்குப் பாமசியில் குளிசை வாங்கிப் போடுகிறார்.

அதனால் மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் டவுனுக்கு வருவதற்கு முன் தங்கள் ஆதார வைத்தியசாலையில் மனநல வைத்திய அதிகாரி எந்த நாளில் பார்க்கிறார் என்று கேளுங்கள். டவுனுக்கே வர வேண்டியிருந்தால் பிள்ளையின் கிளினிக் நாளும் உங்கள் நாளும் ஒன்றாக வருமா என்று கேளுங்கள். எப்போதும் கிடைக்காது, கேட்டால் சில நேரம் கிடைக்கும்.

பாஷையும் ஒரு பிரச்சினை. டொக்டருக்குத் தமிழ் குறைவாக இருந்து, இடையில் சொல்பவர் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆளாக இருந்தால், புருஷன் குடிப்பதையும் மாமி பேசுவதையும் எந்தப் பெண்ணும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். தமிழில் கதைக்கிற டொக்டரையோ தாதியையோ கேட்பது உங்கள் உரிமை, சலுகை இல்லை. அதுவும் முடியாவிட்டால் வீட்டில் வைத்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

சனல் பண்ணி, அதாவது தனியாரிடம் காசு கட்டி டொக்டரைப் பார்ப்பது? காசு இருந்தால் காத்திருப்பு குறையும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இது மாதாமாதம் போக வேண்டிய வைத்தியம். முதல் தரம் சனலில் போய், பிறகு கிளினிக்குக்கு மாறுகிறவர்களும் உண்டு. அது புத்தியான வேலை.

பிரதேச செயலகத்தின் உளவளத்துணையை நான் நடுத்தரமான வழி என்பேன். மருந்து தரமாட்டார்கள், தமிழில் இருந்து கேட்பார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒன்று, அங்கே போனால் பார்க்கிறவர்கள் கொடுப்பனவு விஷயமாகப் போகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். மனநல கிளினிக் வாசலில் நிற்க வெட்கப்படுகிற தாய்க்கு இது சின்ன விஷயமில்லை. உண்மையிலேயே கொடுப்பனவு வேலையையும் அதே நாளில் முடிக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் கூட்டப்பட்டது. பம்பர்ஸ் வாங்கவே அதில் பெரும்பங்கு போய்விடும், ஆனாலும் விடக்கூடாது. குறை என்னவென்றால், எல்லா உத்தியோகத்தரும் ஒரே மாதிரியில்லை. கதவு பூட்டிக் கதைக்க ஓர் அறை இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. மேசைக்கு மேசை ஆள் இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்காதீர்கள். "தனியாகக் கதைக்க வேணும்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். என் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்கிற வழி இது ஒன்றுதான்: பிள்ளை மடியில் இருக்கும்போதே கதைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு, வீடே உறங்கும்போது, இதைவிட வேறு வழி கிடையாது. ஆனால் இரண்டு அறை வீட்டில் மாமிக்குக் கேட்காமல் கதைப்பது இலேசில்லை. அடுத்த முறை எடுக்கும்போது அதே ஆள் இருப்பார் என்றும் இல்லை. அந்த இரவைக் கடக்க நல்லது. கிழமைக் கிழமை தாங்கிப் பிடிக்க வேறொன்று வேண்டும்.

கோயிலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பத்திரகாளி அம்மன் முன்னால் நின்று அழுதுவிட்டு வந்தால் நெஞ்சு லேசாகிறது என்று ஒரு தாய் சொன்னால் அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஓதிப் பார்க்கிறவர்களும் அப்படித்தான். ஒரே ஒரு எல்லை. பிள்ளை இப்படிப் பிறந்தது உன் பாவம் என்று சொல்கிறவரிடமும், வலிப்பு மருந்தையோ உன் மருந்தையோ நிறுத்து என்று சொல்கிறவரிடமும் இரண்டாம் தரம் போகக்கூடாது.

மிஞ்சியிருப்பது இரண்டு: தாய்மார் கூடுவதும், பிள்ளையைச் சில மணி நேரம் ஒப்படைப்பதும். இரண்டையும் வேறு வேறு வழியாக எழுதுவது வழக்கம். நான் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

தாய்மார் குழு என்றால் கூடி அழுவது, பிறகு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைக்கன்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்புக்கு நல்ல மறுப்பு. ஓட்டிசமும் வேறு குறைபாடுகளும் உள்ள பிள்ளைகளின் 243 தாய்மார், கிழமைக்கு ஒரு தரமாக ஆறு கிழமை கூடினார்கள். நடத்தியவர்கள் உளவியலாளர்கள் இல்லை, பயிற்சி எடுத்த, அதே மாதிரிப் பிள்ளை உள்ள வேறு தாய்மார். ஒரு பகுதியினர் மூச்சையும் உடலையும் கவனித்து மனதை அமர்த்தப் பழகினார்கள். மற்றப் பகுதியினர் குற்ற உணர்ச்சியையும் கவலையையும் கையாளவும் தங்கள் பலத்தைக் கண்டுபிடிக்கவும் பழகினார்கள். இரண்டு பகுதியிலும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, நித்திரையும் திருந்தியது. தொடங்கும்போது அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மனச்சோர்வு நோயின் அளவில் இருந்தவர்கள்.

நம்மூரில் இதற்குத் திட்டம் வரட்டும், நிறுவனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? அந்தக் கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிறது என்பேன். விசேட கல்வி அலகுள்ள பாடசாலைக்கு ஒரு காலை போய்ப் பாருங்கள். வகுப்புக்கு வெளியே மரத்தடி வாங்கிலோ மதில் ஓரத்திலோ நாலைந்து தாய்மார் இருப்பார்கள். பிள்ளை கழிவறைக்குப் போக வேண்டும், வலிப்பு வரலாம், எழும்பி ஓடலாம் என்று சொல்லித் தாயையும் பாடசாலை முடியும் வரை அங்கேயே இருக்கச் சொல்வது சில இடங்களில் எழுதாத சட்டம். இருக்காவிட்டால் நாளைக்குப் பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம் என்று சொன்ன இடமும் எனக்குத் தெரியும். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதில் விசேட தேவையுள்ள பிள்ளைக்குத் தாயும் கூட வர வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் சண்டை பெரியது, கெதியில் முடியாது. இன்றைக்குச் செய்யக்கூடியது முறை வைப்பது. நாலைந்து பேரில் இரண்டு பேர் இருக்க, மற்றவர்கள் போகலாம். அடுத்த நாள் வேறு இரண்டு பேர். நான் படிப்பித்த அலகில் இதைத் தாய்மாரே தொடங்கினார்கள். சொல்ல எளிது, ஓட வைக்க வேலை இருக்கிறது. யாருடைய பிள்ளைக்கு என்ன மருந்து, வலிப்பு வந்தால் எந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைப்பது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், எப்படி ஊட்டினால் புரைக்கேறாது என்றெல்லாம் ஆளுக்கு ஒரு தாள் எழுதி வகுப்பில் ஒட்டினோம். முதல் கிழமை விட்டுவிட்டுப் போன தாய்மார் வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மான்கள் நிற்கிற கடற்கரை வரைக்கும் நடந்து போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "சும்மா போய்ப் பாத்தனான், என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல மிஸ்" என்றார். பிறகு ஒருவர் தையல் தைக்கப் போனார். இன்னொருவர் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டார். மருந்து எடுக்கத் தொடங்கிய ஒருவர் கிளினிக்குக்குத் தனியாகப் போய் வந்ததும் அந்த முறையால்தான்.

இதனால்தான் நான் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டிய நேரத்தை இந்த முறைதான் உண்டாக்கித் தருகிறது. வாங்கில் இருக்கிற இரண்டு பேரும் கதைக்காமல் இருக்கப் போவதில்லை, அதுவே குழு. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று ஒன்பது குழு அமர்வும் மூன்று வீட்டுச் சந்திப்பும் கொண்ட பயிற்சி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அதில் தாயின் நலனும் ஒரு பாடம். நிறுவனக்காரர் யாராவது வந்து "உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டால் தையல் மெஷினோடு நிறுத்தாமல் அதையும் கேளுங்கள்.

பாடசாலைக்குப் போகாத பிள்ளை என்றால்? அது இன்னும் கடினம். அப்போது குடும்பத்துக்குள்தான் பார்க்க வேண்டும். "யாராவது கொஞ்சம் உதவி செய்யுங்கோவன்" என்று பொதுவாகக் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். தகப்பனிடம் ஞாயிறு காலைக் குளிப்பாட்டலை முழுதாக ஒப்படையுங்கள். அவர் பிழையாகச் செய்தாலும் நடுவில் போகாதீர்கள். தங்கச்சியிடம் புதன் பின்னேரம் இரண்டு மணி நேரம் என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மூத்த பெண் பிள்ளை இருந்தால் அவள் தலையில் கட்டுவதை மட்டும் வழியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவளுக்குப் படிப்பு இருக்கிறது. தாயின் சோர்வு அப்படியே அவளுக்குக் கைமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்ப்பதை இந்த வரிசையில் நான் வைக்கவில்லை. தாய் களைத்துப் போயிருக்கிற மாதத்தில் எடுக்கிற முடிவாக அது இருக்கக்கூடாது.

ஆக, இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் போய்விட்டவர் முதல் காலையைக் கிளினிக்குக்குக் கொடுக்கட்டும், பிள்ளையை அன்றைக்கு அயலில் யாரிடமாவது கெஞ்சியாவது விடட்டும். வீட்டுப் பிரச்சினைதான் நெஞ்சை அழுத்துகிறது என்றால் உளவளத்துணை. மற்ற எல்லோரும் முறையிலிருந்து தொடங்கலாம்.

முறையில் ஒரு ஓட்டை உண்டு. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் அது நின்றுபோகும். தாய்மாருக்குக் கூடுதலாக முடியாமல் போவதும் அந்த மாதங்களில்தான். பாடசாலை மூடுவதற்கு முந்தின கிழமையே தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கிற இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒருவர் வீட்டில் மற்றவர் பிள்ளையை விடுவதாகப் பேசி வையுங்கள். கிளினிக்கில் அடுத்த திகதி போடும்போதும் பாடசாலை நடக்கிற கிழமையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.